கணக்கு ஐயா பதில்கள்: 200 டொலர் போனஸும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்: இணையப் போக்கர், அதாவது இணையத்தில் காசு வைத்து ஆடும் சீட்டாட்டம். நகை அடகு, சீட்டு, ஓய்வூதியம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். வயது 24. ஒரு போக்கர் தளத்தில் முதல் வைப்புக்கு 100 சதவீத போனஸ், 600 டொலர் வரை என்று போட்டிருக்கிறார்கள். சீட்டுக் கட்டி எடுத்த 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. 200 டொலர் போட்டால் உடனே 400 டொலர் ஆகிவிடும், போனஸை வைத்துக்கொண்டு முதலைத் திருப்பி எடுத்துவிடலாம், நட்டமே வராது என்கிறான் நண்பன். செய்யலாமா?
– வாசகர், பாண்டிருப்பு

பதில்: தம்பி, முதலில் அந்த "உடனே" என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். உங்கள் கணக்கில் நிற்கப்போவது நீங்கள் போட்ட 200 டொலர்தான். மற்ற 200 கட்டிவைத்த மூட்டையாகப் பக்கத்தில் கிடக்கும். நீங்கள் ஆட ஆட அது 5 டொலர், 5 டொலராக அவிழும். வென்றாலும் தோற்றாலும் அவிழும். தளத்துக்கு நீங்கள் எவ்வளவு மேசைக் காசு கட்டினீர்கள் என்பதே அதற்குக் கணக்கு.

போக்கரில் நீங்கள் தளத்தோடு ஆடுவதில்லை. உங்களைப் போன்ற ஐந்தாறு பேரோடு ஆடுகிறீர்கள். தளம் மேசை போட்டுக் கொடுத்துவிட்டு, நடுவில் சேரும் பணத்தில் நூற்றுக்கு 5 அளவில் ஓர் உச்ச வரம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. அதற்கு ரேக் என்று பெயர். செத்தவீட்டில் இரவு முழிப்புக்கு முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே காசு கிடையாது, தேநீரும் வீட்டுக்காரர் செலவு. அதே நால்வர் ஆளுக்கு 1,000 ரூபாய் வைத்து ஆட, வீட்டுக்காரர் ஒவ்வொரு கைக்கும், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் ஒவ்வொரு சுற்றுக்கும், நடுவில் கிடப்பதில் நூற்றுக்கு 5 எடுத்து மடியில் முடிந்துகொண்டால், விடியும்போது அந்த 4,000 எங்கே இருக்கும்? கெட்டிக்காரன் ஒருவனிடம் 1,400 இருக்கலாம். மற்ற மூவரிடமும் சேர்த்து அவ்வளவும் இராது. மிச்சம் மடியில். போனஸ் என்று உங்களுக்குத் தருவது அந்த மடியிலிருந்து, நீங்கள் கட்டியதில் ஒரு பங்கை.

தளத்தின் விதிமுறையை நீங்கள் எழுதவில்லை. எனவே இந்தத் தொழிலில் அடிக்கடி காணும் ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்கிறேன்: 20 டொலர் ரேக் கட்டினால் 5 டொலர் அவிழும், தவணை 60 நாள். 200 டொலரும் அவிழ 800 டொலர் ரேக் கட்ட வேண்டும். உங்கள் முதலுக்கு ஏற்ற மேசை 5 சதம், 10 சத மேசை, அதாவது ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக முதலில் வைக்கும் பந்தயம் அவ்வளவு. அங்கே 100 கைக்கு 1 டொலர் ரேக் போகிறது என்று வைத்தால், 80,000 கை ஆட வேண்டும். ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு 70 கை ஓடும். ஆக, சுமார் 1,143 மணித்தியாலம். 60 நாளில் இருப்பதே 1,440 மணித்தியாலந்தான், தம்பி. நாளுக்கு 19 மணித்தியாலம் ஆடிவிட்டு, மிச்ச 5 மணித்தியாலத்துக்குள் தூங்கி, குளித்து, கல்முனைக்கு வேலைக்கும் போய் வர வேண்டும்.

ஒரே நேரத்தில் நான்கு மேசை திறந்தால் இது 286 மணித்தியாலமாகக் குறையும், நாளுக்கு 5க்குச் சற்றுக் கீழே. நான்கு மேசையில் பணம் இழக்காமல் ஆடத் தெரிந்தவர் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார், கோபிக்க வேண்டாம். அப்படியே தெரிந்தவர் என்றாலும், 286 மணித்தியாலத்துக்கு 200 டொலர் என்றால் மணித்தியாலத்துக்கு 70 சதம். டொலரை 300 ரூபாயாக வைத்தால் 210 ரூபாய். ஒரு கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்ற உங்கள் கடையில் எவ்வளவு வாங்குகிறீர்கள்?

முதலைத் திருப்பி எடுக்கலாம் என்று நண்பன் சொன்னது பொய்யில்லை. ஆனால் முதலை எடுத்த கணமே அவிழாத போனஸ் ரத்தாகும் என்ற வரி பல தளங்களின் விதிமுறையில் உண்டு. அதைத் தேடிப் படியுங்கள். முதல் வைப்புக்கு மட்டுந்தான் இந்தச் சலுகை என்பதால், கடன் வாங்கியாவது 600 போட்டுவிடலாம் என்றும் தோன்றும். அப்படித் தோன்றட்டும் என்றுதான் 600 என்று எழுதியிருக்கிறார்கள். கிரிப்டோ நாணயத்தில் பணம் போடச் சொன்னால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்பின்படி, பற்றட்டையாலோ கடனட்டையாலோ மெய்நிகர் நாணயத்துக்குப் பணம் செலுத்த அனுமதியில்லை. அந்த நாணயத்தைக் கைமாற்றி விற்கும் ஆள் உங்கள் காசோடு போய்விட்டால் எந்த வங்கியிலும் முறையிட முடியாது.

பாண்டிருப்புக்காரருக்குத் தருமர் கதை சொல்ல நான் வரவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் வனவாசத்தை ஆண்டுதோறும் வாசலில் நின்று பார்க்கிறவர் நீங்கள். சகுனிகூட முதல் வைப்புக்கு 100 சதவீதம் தருகிறேன் என்று சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். இரவு இரண்டு மணி வரை கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறான். கேட்டால் "இது இலவசப் போட்டி அம்மா, காசு போடுவதில்லை, வென்றால் டொலர்" என்கிறான். நம்பலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: நம்பலாம், அக்கா. அப்படிப் போட்டிகள் உண்டு. ஃப்ரீரோல் என்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசு தளத்தின் செலவு. பத்திரிகையில் விளம்பரம் போடுவதைவிட அவர்களுக்கு அது மலிவு. இரண்டு மணி என்பதிலும் ஆச்சரியமில்லை. ஐரோப்பாவில் அது இராச்சாப்பாட்டு நேரம், ஆட்கள் கூடுகிற நேரம்.

வரும்படியைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். கிறிஸ் பெர்குசன் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியை வென்று 15 இலட்சம் டொலர் பெற்றவர். கணினி அறிவியலில் கலாநிதிப் பட்டமும் உண்டு. அவர் 2006இல் ஒரு சதமும் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டொலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினார். சேர்த்தார். ஆனால் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. முதற் பல மாதங்கள் சில டொலர் ஏறுவதும் திரும்பப் பூச்சியமாவதுமாகவே போயின. உலகச் சம்பியனுக்கே அந்த நிலை. உங்கள் மகன் இரண்டாயிரம் பேரோடு நான்கு மணித்தியாலம் ஆடி 40 சதம் வென்றால் அவனைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல ஆட்டந்தான்.

கதையின் வால் இன்னும் இருக்கிறது. பெர்குசன் ஆடியது புல் டில்ட் என்ற தளத்தில். அதன் உரிமையாளர்களில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு அதன் இணைய முகவரியைக் கைப்பற்றியது. உள்ளே பார்த்தால், ஆடியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் கையிருப்பு இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வரத் தொடங்கியது 2014இல்.

அவனிடம் ஒன்றைக் கேளுங்கள்: கணக்கில் "வைப்பு" என்ற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது வெறுமையாக இருந்தால் தூக்கத்தைத் தவிர வேறு நட்டமில்லை. வெறுமையாக இல்லாவிட்டாலோ, காட்ட மறுத்தாலோ, சண்டை பிடிக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். கை மீறிப் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அழைக்க வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: தேநீர்க் கடையில் பழக்கமான ஒருவர், என் அடையாள அட்டையின் படமும் முகப் படமும் வங்கிக் கணக்கு இலக்கமும் கொடுத்தால் போக்கர் தளத்தில் என் பெயரில் கணக்குத் திறந்து போனஸை அவரே எடுத்துக்கொள்வதாகவும் எனக்கு 5,000 ரூபாய் தருவதாகவும் சொல்கிறார். நான் எதுவும் ஆடத் தேவையில்லையாம். இதில் எனக்கு என்ன கெடுதல்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஓர் ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு போனஸ் என்பது அநேகமாக எல்லாத் தளங்களிலும் விதி. அதை உடைக்கத்தான் அவருக்கு உங்கள் முகம் தேவை. தளம் கண்டுபிடித்தால் பணத்தைப் பறித்துவிடும், அது அவருடைய கவலை. உங்களுக்கு நான் பயப்படுவது வங்கிக் கணக்குக்காக. நாளைக்கு அதில் யாருடைய பணம் வந்து இறங்கும், எங்கே போகும்? குற்றத்தால் வந்த பணத்தை நல்ல பணமாக்குவதைத் தடுக்க, 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விசாரிக்க வருகிறவர்கள் தேநீர்க் கடையில் பழகியவரைத் தேட மாட்டார்கள், கணக்கில் பெயர் உள்ளவரைத்தான் தேடுவார்கள். படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: போக்கர் செயலியில் கசினோ போனஸும் உண்டு. 100 டொலர், 35 மடங்கு ஆட வேண்டும் என்கிறார்கள். இது சுலபம் அல்லவா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: 100இன் 35 மடங்கு 3,500. சுழல் இயந்திரம் நூற்றுக்கு 96 திருப்பித் தருவதாக வைத்தால், 3,500 டொலருக்கு ஆடும்போது சராசரியாக 140 டொலர் போகும். 100 டொலரை எடுக்க 140.

கேள்வி: கடந்த ஆண்டும் இதைப் பற்றி எழுதினீர்கள். இவ்வளவு விவரமாகச் சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது ஆடியதுண்டா? எவ்வளவு உழைத்தீர்கள்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், ஏறாவூர்

பதில்: பிடித்துவிட்டீர்கள்.

2009இல் கணக்கியல் படிக்க லண்டன் போனேன். ஈஸ்ட்ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று பேர், ஒரு மடிக்கணினி. மாணவர் விசாவில் வாரம் 20 மணித்தியாலந்தான் வேலை செய்யலாம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, மணித்தியாலத்துக்கு 5 பவுண் 80 பென்ஸ், அன்றைய சட்டபூர்வக் குறைந்த கூலி. மிச்ச நேரத்தை எதைச் செய்து காசாக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அறைத்தோழர் ஒருவர் போக்கர் போனஸைக் காட்டினார். அது நல்ல காலம். 2003இல் மணிமேக்கர் என்ற குடும்பப் பெயருள்ள ஒரு கணக்காளர் இணையத்தில் சில பத்து டொலர் கட்டி இடம் பிடித்து, உலகப் போக்கர் தொடரில் 25 இலட்சம் டொலர் வென்றதிலிருந்து, தளங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் பிடித்தன. கணக்காளர் என்ற ஒரே ஒற்றுமை எனக்குப் போதுமாக இருந்தது.

ஏழு தளங்கள், ஒன்றன்பின் ஒன்று. ஊரிலிருந்து கொண்டுபோன சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதினேன்: திகதி, தளம், வைப்பு, அவிழ்ந்த போனஸ், மேசையில் வரவு செலவு, மணித்தியாலம். கடைசிக் கட்டத்தை ஏன் போட்டேன் என்று தெரியாது, ஆசிரியர் பழக்கியது. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் இலாபம் உழைத்ததாகவே சொல்லிக்கொண்டு திரிவேன்.

ஓர் இரவு நன்றாக நினைவிருக்கிறது. நடுநிசியோடு தவணை முடிகிறது, 10 பவுண் துண்டு ஒன்று இன்னும் அவிழவில்லை, 4 பவுணுக்குக் கிட்ட ரேக் குறைகிறது. மணி 11.20. என் வழக்கமான மேசையில் அரைவாசியும் கட்ட முடியாது. எனவே நான்கு மடங்கு பெரிய மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். கையில் இரண்டு ராஜா வந்தது. எதிரே இருந்தவர் ஏற்றினார், நானும் ஏற்றினேன், முழுவதையும் நடுவில் தள்ளினோம். அவரிடம் ஆசும் ராணியும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் கடைசிச் சீட்டில் ஆசு விழுந்தது, அவருடைய ஆசுச் சோடி என் ராஜாச் சோடியை வென்றது. 50 பவுண் போனது. 11.52க்கு 10 பவுண் அவிழ்ந்ததாகத் திரையில் பச்சையாக ஒரு வாழ்த்து வந்தது. கொப்பியில் முதலில் போனஸ் கட்டத்தில் 10 என்று எழுதினேன். மற்றக் கட்டத்தை விடிந்த பிறகுதான் நிரப்பினேன்.

கணக்கு முடிவு இது: போனஸ் 1,310 பவுண், மேசையில் நட்டம் 742, மிச்சம் 568. மணித்தியாலம் 412. அதாவது மணித்தியாலத்துக்கு 1 பவுண் 38 பென்ஸ். அந்த 568இலும் 96 பவுண் எனக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது. பணம் எடுக்கும்போது முகவரிக்குச் சான்று கேட்டார்கள், மின்சாரப் பட்டியல் சேலைக் கடைக்காரர் பெயரில் இருந்தது. வங்கிக் கூற்று அனுப்பினேன், இரண்டு முறை எழுதினேன். மூன்றாம் முறை எழுதப் போனபோது தளத்தைக் காணவில்லை. இங்கிருந்து ஆடுகிறவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முட்டுகிறார்கள். பட்டியல் அப்பா பெயரில் இருக்கும், கணக்கு மகன் பெயரில் இருக்கும்.

கொப்பி கல்லடியில் என் வீட்டில் இருக்கிறது. பின்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்ததால் மனைவி அதில் மீன்காரருக்குக் கொடுக்க வேண்டியதை எழுதி வருகிறார். அவசியம் பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள். ஞாயிறு காலை வேண்டாம், வகுப்பு இருக்கிறது.