அடுத்து எதைப் படிப்பது, எதை வாங்குவது?

கேள்வி: படிக்காத புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனாலும் தள்ளுபடி என்று பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. எதை முதலில் எடுப்பது என்று யோசித்தே நேரம் போய், கடைசியில் போனைத்தான் கையில் எடுக்கிறேன். இதற்கு என்ன வழி?

பதில்: வாங்குவது ஒரு பிரச்சினை, தேர்ந்தெடுப்பது வேறொரு பிரச்சினை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் மலைப்பாக இருக்கிறது.

தேர்வை முதலில் பார்ப்போம். அலமாரி முழுவதையும் பார்த்து ஒன்றை எடுக்க யாராலும் முடியாது. அதிலிருந்து நான்கைந்தை மட்டும் எடுத்துத் தனியாக, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்று தடியான நாவல் என்றால் இன்னொன்று இரண்டு நாளில் முடியும் சின்னப் புத்தகமாக இருக்கட்டும். விட்டு விட்டுப் படிக்கத் தோதாக ஒரு கட்டுரைத் தொகுப்போ சிறுகதைத் தொகுப்போ இருக்கட்டும். ஒன்று முடிந்தால் இந்த நான்கைந்திலிருந்து மட்டும்தான் அடுத்தது. காலியான இடத்துக்கு அலமாரியிலிருந்து ஒன்று வரும். மற்றவை அங்கேயே இருக்கட்டும், அவை கடன் பாக்கி அல்ல.

இனி வாங்குவது. ஒரு பட்டியல் போடுங்கள். நோட்டுப் புத்தகமோ, போனில் உள்ள குறிப்புச் செயலியோ, எதுவானாலும் சரி. புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அதை எதற்காக எழுதினோம் என்றே நினைவிருக்காது. யார் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் எது பிடித்தது என்று அரை வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அது எங்கே கிடைக்கும் என்றும் குறியுங்கள்: நூலகத்திலா, நண்பரிடமா, மின்னூலாகவா, வாங்கித்தான் ஆக வேண்டுமா? பணத்தை மிச்சப்படுத்துவது இந்தக் கடைசிக் குறிப்புதான். பாதிப் புத்தகங்களுக்கு வாங்கும் அவசியமே இல்லை என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

தள்ளுபடி வரும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெயர் ஏற்கெனவே என் பட்டியலில் இருந்ததா? இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் இன்று எழுதி வையுங்கள், ஒரு மாதம் போகட்டும். தள்ளுபடி மறுபடி வரும், ஆசை வருகிறதா பார்ப்போம்.

கேள்வி: குட்ரீட்ஸ், லைப்ரரிதிங், ஸ்டோரிகிராஃப் என்று பல இணையதளங்களைச் சொல்கிறார்கள். புத்தகப் பட்டியல் வைக்க எது நல்லது?

பதில்: எதற்காக என்பதைப் பொறுத்தது. மற்றவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்க குட்ரீட்ஸ். 2007-இல் வந்தது, 2013-இல் அமேசான் வாங்கிவிட்டது. ‘படிக்க விரும்புவது’ என்ற பொத்தானை அழுத்துவது அங்கே மிகச் சுலபம் என்பதுதான் அதன் குறையும்கூட. நினைத்ததையெல்லாம் அழுத்தி, பட்டியல் நூற்றுக்கணக்கில் வீங்கிவிடும். ‘அடுத்து’ என்று தனியாக ஓர் அடுக்கு உருவாக்கி, அதில் நான்கைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பயன்படும்.

வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கு வைக்க 2005-இல் தொடங்கிய லைப்ரரிதிங் பொருத்தம். முன்பு 200 புத்தகங்களுக்கு மேல் போனால் கட்டணம் கேட்டார்கள், 2020 முதல் அந்த வரம்பு இல்லை. மனநிலை, வேகம், பக்க அளவு என்று வடிகட்டித் தேட ஸ்டோரிகிராஃப். குட்ரீட்ஸிலிருந்து உங்கள் பட்டியலைக் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பட்டியலை இப்படி வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு இவை எல்லாமே கொஞ்சம் தகராறுதான். ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும் ஆங்கில எழுத்தில் இன்னொரு பதிவாகவும் இருக்கும். பழைய பதிப்புகளில் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணோ கோட்டுக்குறியோ (பார்கோடு) இருக்காது என்பதால் ஸ்கேன் செய்தும் சேர்க்க முடியாது. அதிகம் தமிழில் படிப்பவர் என்றால் ஒரு சாதாரண எக்செல் தாள் போதும் என்பேன். கடையில் நிற்கும்போது போனில் திறக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே இருப்பதை மறுபடி வாங்காமல் தப்பிக்கலாம்.

கேள்வி: நட்சத்திர மதிப்பீட்டை நம்பி வாங்கலாமா?

பதில்: சராசரியை நம்பாதீர்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் பெரும்பாலும் அவர்கள்தான் சொல்வார்கள். அவர் குறை என்று சொல்வது உங்களுக்கு நிறையாகவும் இருக்கலாம்: ‘கதை மெதுவாகப் போகிறது’ என்பது சிலருக்கு நல்ல செய்தி.

மின்னூல் என்றால் இலவச மாதிரியை இறக்கிப் பாருங்கள். அச்சு நூல் என்றால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள், முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா, மூலமொழியிலிருந்து நேரடியாக வந்ததா என்பதையும் பாருங்கள். மருத்துவம், சட்டம், கணினி போன்ற துறைகளில் பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா? காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

பதில்: விடலாம். காசு போனது போனதுதான், நேரத்தையும் ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும்? நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்கு சொல்கிறார்: ஐம்பது வயது வரை ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், அதற்கு மேல் நூறிலிருந்து வயதைக் கழித்து வருவதே உங்கள் அளவு. அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்!

கேள்வி: மாதச் சந்தா கட்டி மின்னூல் படிப்பது லாபமா?

பதில்: சேருவதற்கு முன் உங்கள் பட்டியலில் உள்ள பத்துப் பெயர்களை அந்தச் சேவையில் தேடிப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் கிடைக்கிறது என்றால் வேண்டாம். சந்தாவை நிறுத்தினால் புத்தகங்களும் போய்விடும். விலை கொடுத்து வாங்கும் மின்னூலிலும் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். விற்றவருக்கு உரிமையில்லாத சில மின்னூல்களை 2009-இல் அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவியிலிருந்தே நீக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டிய நூல்களை அச்சிலேயே வாங்குங்கள். இலவச சோதனைக் காலத்தில் சேர்ந்தால், அது முடிவதற்கு இரண்டு நாள் முன்பாகப் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.