அந்தப் பதினேழு லட்சம்: ஒரு அம்மாவுக்கு எழுதும் பதில்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நீங்களும் சாரும் உங்கள் மகனோடு வந்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இவ்வளவு பணம் கொட்டித் தம்பியை இன்ஜினியரிங் படிக்க வைத்தால் பிரயோஜனம் இருக்குமா, சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். அன்று அரை மணி நேரத்தில் சொல்ல முடியாததை நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், தம்பிக்கு டிகிரி தேவையா? தேவைதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வு, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எதுவானாலும் டிகிரி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. தனியார் கம்பெனியிலும் ஒரு மட்டத்துக்கு மேல் பதவி உயர்வு என்று வரும்போது அந்தக் காகிதத்தைக் கேட்கத்தான் செய்கிறார்கள். அதனால் "படிப்பே வேண்டாம், ஏதாவது தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று உங்கள் கூடப்பிறந்தவர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

ஆனால் நீங்கள் விலை பேசிக்கொண்டிருப்பது டிகிரியை மட்டும் இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் அந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம். நான்கு ஆண்டுக்கு 14 லட்சம். பெரம்பூரிலிருந்து போய்வர காலேஜ் பஸ், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், லேப்டாப் என்று 3 லட்சம் சேர்த்தால் 17. இதில் 10 லட்சம் வங்கிக் கடன், மீதிக்கு நகையும் திருநின்றவூர் மனையும். இதுதானே திட்டம்?

கடனை மட்டும் கணக்குப் போடுவோம். வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சமாகக் கடன் வாங்கினால், படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பிறகு தரும் ஓர் ஆண்டு அவகாசமும் முடியும்போது வட்டி மட்டுமே சுமார் 3 லட்சத்து 67 ஆயிரம் ஏறியிருக்கும். அதாவது தம்பி முதல் தவணை கட்டும்போது கடன் 13 லட்சத்து 67 ஆயிரம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 18,500 ரூபாய்.

அவன் சம்பளம்? சென்னையின் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். பத்து ஆண்டுக்கும் மேலாக இந்தத் தொகை பெரிதாக நகரவில்லை. பி.எஃப். பிடித்தம் போக கையில் 25 ஆயிரம் வரும். அதில் பதினெட்டரை தவணைக்குப் போனால், சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்குப் போய்வரும் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சாரிடம்தான் கை நீட்ட வேண்டும்.

பணக் கணக்கை விட எனக்குக் கவலை தருவது வேறு. போன மாதம் ஒரு பையன் வந்திருந்தான். 27 ஆயிரம் சம்பளம், 17 ஆயிரம் தவணை. அவனுக்குக் கொடுத்த வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, இரவு ஷிஃப்ட் வேறு. கேட் தேர்வுக்குப் படித்து எம்.டெக். போக ஆசை. "ஆறு மாசம் வேலையை விட்டுட்டுப் படிச்சா வாங்கிடுவேன் சார், ஆனா தவணை யார் கட்டுவா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து வரைக்கும்தான் ஒரு பிள்ளை வேலை மாறி, மேலே படித்து, தனக்கு எது வரும் என்று கண்டுபிடிக்கும் வயது. பெரிய கடன் அந்த மூன்று வருடத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. கிடைத்த முதல் வேலையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பையனுக்கு இல்லாமல் போய்விட்டது.

சரி, மாற்று என்ன? தம்பிக்கு 200-க்கு 158 கட்-ஆஃப். அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளான கிண்டியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் எட்டாது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள நல்ல சுயநிதிக் கல்லூரிகள் அரசு நடத்தும் கவுன்சலிங்கில் இருக்கின்றன. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்தது ஆண்டுக்கு 50 ஆயிரம், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55 ஆயிரம். பஸ்ஸும் இதர கட்டணங்களும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் என்று தாராளமாகவே வைப்போம். நான்கு ஆண்டுக்கு 5 லட்சம். 3 லட்சம் கடன் வாங்கினால் போதும். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுவாக வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. அதே வட்டி, அதே பத்து ஆண்டு என்றாலும் தவணை ஐயாயிரத்து ஐந்நூறை ஒட்டித்தான் வரும். மனை தங்கும். ஒன்பதாவது படிக்கும் பாப்பாவுக்கும் நாளைக்கு அது வேண்டும், அம்மா.

இன்னொன்று. சார் ஐ.டி.ஐ., நீங்கள் பிளஸ் டூ என்றீர்கள். அப்படியானால் தம்பிதான் வீட்டின் முதல் பட்டதாரி. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் அது கவுன்சலிங் மூலம் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. இதை உங்களிடம் யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சார் கேட்டார். அண்ணா சாலையில் பேனர்களில் போடும் "44 லட்சம் பேக்கேஜ்" ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். அதைப் பார்க்காதீர்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று நான்கு எண்கள் இருக்கும். மீடியன் என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் பிள்ளை வாங்குவது. நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பிள்ளையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஓ.எம்.ஆர். கல்லூரிக்கும் கவுன்சலிங்கில் நீங்கள் பார்க்கும் நாலைந்து கல்லூரிகளுக்கும் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பன்னிரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுப்பதற்கு மீடியனில் என்ன வித்தியாசம் என்று தெரிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்வாரியாக வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் அரியர் வைக்கும் கல்லூரி கட்டணம் குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பாடப்பிரிவு பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருக்கிறீர்கள். 2024-25 முதல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. தம்பி வெளியே வரும்போது அவனோடு வரிசையில் நிற்பவர்கள் மிக அதிகமாக இருப்பார்கள். அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் வாயே திறக்கவில்லை. வீட்டு மோட்டாரை ரீவைண்டிங் செய்ததைப் பற்றி நான் கேட்டதும் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். எலெக்ட்ரிகல் அவனுக்குப் பிடித்து வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் தொடக்கச் சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவாகவே இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் எலெக்ட்ரிகல் படித்தவனுக்கு ஐ.டி. கதவு மூடுவதில்லை. கேம்பஸ் தேர்வில் அவர்களையும் எடுக்கிறார்கள். மின்வாரியம், ரயில்வே, பொதுத்துறை வேலைகள் கூடுதல் வழி.

ஏற்கெனவே கட்டிய 25 ஆயிரம் அட்வான்ஸ் போய்விடுமே என்ற பயத்தில் முடிவெடுக்க வேண்டாம். சேர்க்கையை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. அதற்கான கெடு தேதியை ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள். எழுத்து மூலம் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடந்த ஆண்டுகளின் வழக்கப்படி 158-க்கு இரண்டாம் சுற்றில் அழைப்பு வரும். விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரியோடு நிறுத்தாமல் குறைந்தது ஐம்பது போடுங்கள். போன ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். நான்கு எண்களை எழுதிய தாளோடு வாருங்கள், சேர்ந்து பட்டியல் போடுவோம். தம்பியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் பத்து நிமிடம் அவன் மட்டும் பேசட்டும்.