எட்டுக்கால் பூச்சி பூச்சியா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் விலங்குகளின் வகைப்பாடு நடத்துகிறேன். மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்; ஆனால் சிலந்தியைக் காட்டினால் பூச்சி என்கிறார்கள். என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, தேனி

பதில்: பிள்ளைகளைத் திட்டாதீர்கள், டீச்சர். 'எட்டுக்கால் பூச்சி' என்று பெயர் வைத்ததே நாம்தானே! நான் வகுப்புக்கு மீன் கடையிலிருந்து ஒரு நண்டும், தீப்பெட்டியில் செத்த கரப்பானும் சிலந்தியும் கொண்டுபோவேன். கால்களை எண்ணச் சொல்வேன். கரப்பானுக்கு 6, அது பூச்சி. சிலந்திக்கு 8, உணர்கொம்பும் கிடையாது, பூச்சி இல்லை. நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்து 10. ஒருமுறை ஒரு பையன் ஒன்பதுதான் என்று அடம்பிடித்தான். பார்த்தால், வரும் வழியில் ஒரு கால் ஒடிந்திருக்கிறது! அப்புறம் மூன்றின் காலிலும் உள்ள கணுக்களைத் தொட்டுக் காட்டுங்கள். இந்த மூன்றும் சேரும் பெரிய குழுவின் பெயரான கணுக்காலி என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.