அதிரசம் எண்ணெயில் பிரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று அளவு பார்த்துத்தான் போடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்துவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, திருவாரூர்

பதில்: உங்கள் அளவு சரி. மாவின் ஈரம், பாகின் பதம் இந்த இரண்டில் ஒன்று தவறியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தவறும்.

மாவுப் பச்சரிசியைக் களைந்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, நிழலில் பருத்தித் துணி விரித்து அரை மணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் போடக்கூடாது. அரிசியைக் கையில் அள்ளினால் உள்ளங்கை ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் நனையக்கூடாது. அந்த நிலையிலேயே அரைத்துச் சலித்துவிடுங்கள். சலித்த மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கும், தட்டினால் உதிரும். அரிசி சரியாக உலராமல் அரைத்தால் அந்தத் தண்ணீர் பாகை இளக்கிவிடும். பதம் பார்த்து இறக்கிய பாகுகூட இதனால் வீணாகும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இனி பாகு. 750 கிராம் வெல்லத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கரைந்ததும் வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் மறுபடி கொதிக்கவிடுங்கள். நுரை பொங்கி அடங்கும்போதே பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் தயாராக இருக்கட்டும். ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நிற்க வேண்டும். விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாகச் சேர்ந்து, அழுத்தினால் நசுங்க வேண்டும். தண்ணீரில் கலங்கிப் பரவினால் பாகு பத்தாது. தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் அது கடலை உருண்டைப் பாகு, அதிரசத்துக்கு ஆகாது. சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 112 முதல் 115 டிகிரி செல்சியஸ்.

அடுப்பை அணைத்து, ஏலக்காய்ப் பொடியும் ஒரு டீஸ்பூன் சுக்குப் பொடியும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். கலவை கரண்டியிலிருந்து தளர்ந்து விழும் நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். ஆறினால் தானே இறுகும். ஒரு பிடி மாவு மிஞ்சினால் மிஞ்சட்டும், எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்று இல்லை. மாவு எண்ணெயில் பிரிந்தால் அந்த மிச்ச மாவுதான் கைகொடுக்கும். இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். கல் மாதிரி ஆகிறது. கடையில் வாங்கும் பச்சரிசி மாவில் செய்கிறேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாக்கெட் மாவு காய்ந்த மாவு. பாகிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு விறைத்துவிடும். தட்டும்போதே ஓரம் வெடிக்கும். ஊறவைத்து அரைக்க வழியே இல்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துப் பிசறி, பிடித்தால் பிடிபடும் ஈரம் வந்ததும் அரை மணி நேரம் மூடிவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தாலும் ஈர அரிசி மாவின் மென்மை வராது. இப்போது கையில் இருக்கும் கெட்டி மாவில் சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்துப் பிசைந்து, இரண்டு மணி நேரம் வைத்திருந்து சுட்டுப் பாருங்கள்.

கேள்வி: சிறு வயதில் பாட்டி பாகு காய்ச்சும்போது குழந்தைகளை அடுக்களைப் பக்கமே விடமாட்டார். கண் பட்டால் பாகு கெட்டுவிடும் என்பார். மாவையும் மூன்று நாள் பானையில் வேடுகட்டி வைத்துவிடுவார். இதெல்லாம் தேவைதானா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் பாட்டி செய்த இரண்டுமே அவசியம். பாகு பதம் தாண்டிப்போக அரை நிமிஷம் போதும். பேச்சுக் கொடுக்க ஆளிருந்தால் கவனம் போய்விடும். மேலே தெறித்தால், சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு கொதிநீரைவிட ஆழமாகச் சுடும். அதனால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தியது மிகச் சரி. அவர்களுக்கு மாவு சலிக்கும் வேலையைக் கொடுங்கள். பண்டிகை வேலையில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

மாவை வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பாகு அரிசி மாவின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் இறங்க நேரம் வேண்டும். லேசாகப் புளிக்கவும் செய்யும். அதிரசத்துக்கே உரிய அந்த மணம் அப்போதுதான் வரும். மேலே நெய் தடவி, துணியால் வேடுகட்டி, ஈரக்கை படாமல் ஒரு நாளாவது வையுங்கள். இரண்டு மூன்று நாள் இருந்தால் இன்னும் நல்லது. அன்றே சுட்ட அதிரசத்தில் இனிப்பு இருக்கும், ருசி இருக்காது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சுடுவதற்கு முன்னால் வெளியே எடுத்துவைத்துக் குளிர் போனபின் பிசையுங்கள்.

கேள்வி: கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் படைப்போம். எவ்வளவு அரிசி போடலாம்? நைவேத்தியம் என்பதால் ருசி பார்க்க முடியாதே?
– வாசகி, வேலூர்

பதில்: அரைக் கிலோ அரிசி, 375 கிராம் வெல்லம். எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்தால் 25 வரை வரும். ஒன்றிரண்டு உடைந்தாலும் 21-க்குக் குறையாது. ருசி பார்க்காமலே சோதிக்கலாம். கோலி அளவு மாவைத் தட்டி எண்ணெயில் போடுங்கள். அடியில் போய், உடையாமல் மேலே எழும்பி உப்பினால் மாவு சரி. அதைத் தனியே வைத்துவிடுங்கள். நோன்பு அமாவாசையில் வருவதால் இரண்டு மூன்று நாள் முன்பே பாகு காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியே கருத்து, உள்ளே வேகாமல் இருக்கிறது. எண்ணெயும் நிறையக் குடிக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: கருகுவது எண்ணெய் அதிகம் காய்ந்ததால், எண்ணெய் குடிப்பது சூடு பத்தாததால். முதல் ஈடுக்கு அதிகச் சூடு, பிறகு பயந்து அடுப்பைக் குறைத்திருப்பீர்கள். கடைசிவரை மிதமான தீ போதும். வாழையிலையில் நெய் தடவி, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் போடுங்கள். எழும்பியதும் ஒரே முறை திருப்பி, பொன்சிவப்பாகும்போதே எடுத்துவிடுங்கள். வெளியே வந்த பிறகும் நிறம் கூடும். உடனே இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் எண்ணெய் வடிந்துவிடும். ஆறுவதற்குள் அழுத்திவிடுங்கள், ஆறியபின் அழுத்தினால் உடையும். சூடு முழுவதும் தணியும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். அதன்பின் டப்பாவில் போட்டால் பத்து நாளுக்கு மேல் கெடாது.