கல்லீரல் கட்டி என்றார்கள், இப்போது அட்ரினல் என்கிறார்கள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, ஹெபடைடிஸ் பி உள்ளவர். ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம் 6 சென்டிமீட்டர் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். வீட்டில் அன்றிலிருந்து ஒரே அழுகை. இப்போது எம்ஆர்ஐ பார்த்த வேறொரு டாக்டர், அது அட்ரினல் சுரப்பியில் வந்த கொழுப்புக் கட்டி போலிருக்கிறது என்கிறார். ஸ்கேன்கூட தப்பாகக் காட்டுமா டாக்டர்? ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஸ்கேன் தப்பாகக் காட்டவில்லை அம்மா, அங்கே கட்டி இருப்பது உண்மைதான். அது யாருடைய கட்டி என்பதில்தான் குழப்பம். ஹார்மோன் சுரக்கும் வலது அட்ரினல் சிறுநீரகத்துக்கு மேலே, கல்லீரலின் பின்புறத்தை உரசிக்கொண்டு இருக்கிறது. சிலருக்கு இரண்டும் ஒட்டியே போயிருக்கும். அதில் கட்டி வளர்ந்து கல்லீரலை அமுக்க ஆரம்பித்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய கொழுப்புக் கோடு மறைந்துவிடும், படத்தில் கல்லீரலுக்குள்ளேயே இருப்பது போலத் தெரியும். போதாததற்கு அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி வேறு. அந்த விவரத்தைப் படித்த எந்த டாக்டருக்கும் முதலில் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும், அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேனில் கல்லீரல் புற்று முதலில் பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கும். சங்கடம் என்னவென்றால், அட்ரினலின் சாதாரணக் கட்டிகள் சிலவும் இதே மாதிரி மங்கும். கொழுப்பை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. மயலோலிப்போமா என்ற தீங்கில்லாத அட்ரினல் கட்டியில் கொழுப்பு நிறைய இருக்கும், ஆனால் கல்லீரல் புற்றிலும் சில நேரம் கொழுப்பு இருக்கும். அதனால்தான் கட்டி கல்லீரலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயை முன்னால் தள்ளுகிறதா, சிறுநீரகத்தைக் கீழே தள்ளுகிறதா, அதற்கு ரத்தம் எந்தக் குழாயிலிருந்து போகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். முன்னால் தள்ளினால் கட்டி கல்லீரலுக்குப் பின்னாலிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லீரல் புற்றின் அறிகுறி தேடும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை நார்மல் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள், புற்று இருந்தும் நார்மலாக வருபவர்கள் நிறைய.

ஊசி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள். ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஓர் அட்ரினல் கட்டி உண்டு, அதில் ஊசி பட்டால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டி எங்கிருந்து வந்தது என்பதே தெளிவாகாதபோது, முதலில் இந்தக் கட்டி இருக்கிறதா என்று காட்டும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை, ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ செய்ய வேண்டும். கூடவே கார்ட்டிசோல் என்ற அட்ரினல் ஹார்மோன். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால் ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு அட்ரினல் ஹார்மோனையும் பார்க்க வேண்டும். திடீர் தலைவலி, படபடப்பு, வியர்வை வருகிறதா என்று அவரிடமே கேளுங்கள், நம் அப்பாக்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

மயலோலிப்போமா என்றே உறுதியானால், வலியும் வளர்ச்சியும் இல்லாதவரை பெரும்பாலும் கத்தியே வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் பெரிய கட்டிக்குள் ரத்தம் கசியலாம், அதனால் 6 சென்டிமீட்டரை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டாவது டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ படங்கள் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கல்லீரல் மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

அப்புறம், கட்டி எதுவாக இருந்தாலும் அப்பாவின் ஹெபடைடிஸ் பி அப்படியேதான் இருக்கிறது, அதற்கான கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. நீங்களும் உடன்பிறந்தவர்களும் அதற்கு முன் பிறந்தவர்களா? அப்படியென்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாக ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.