சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்: கேள்வி பதில்

தருமபுரிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையில் இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்து பதிவேடு எழுதியவன் நான். இப்போது எந்தச் சபையிலும் அங்கத்தினன் இல்லை. காலையில் வேதம், ஜெபம், அதன்பின் ராகிக் கஞ்சி. சபையை விட்டவர்களும் மற்றவர்களும் கேட்டவற்றுக்கு, அவரவர் ஊர்ப் பெயரோடு, என் பதில்கள்.

பாலக்கோடு: ஐயா, சபையை விட்டுவிட்டேன். "செத்தால் எங்கே புதைப்பார்கள்?" என்று அம்மா தினமும் அழுகிறார்.

அம்மா அழுவதில் நியாயம் இருக்கிறது. கல்லறைத் தோட்டம் சபையின் சொத்து. அங்கே யாருக்கு இடம் என்பதைச் சபையின் விதிதான் சொல்லும். என் காலத்தில் ஒரு பெரியவர் இறந்தார். மகன் வந்து என் மேசைமுன் நின்றான். சந்தாப் பக்கத்தைப் புரட்டினேன். பதினோரு ஆண்டு பாக்கி. கட்டினால்தான் குழி வெட்ட ஆள் என்றது கமிட்டி. மாலை வாங்கிய கையோடு வந்திருந்தான். அவன் எண்ணிக் கொடுத்த நோட்டுகள் ஈரமாக இருந்தன. ரசீது எழுதியது இந்தக் கைதான். அடுத்த மாதம் பொறுப்பை விட்டேன், பிறகு சபையையும்.

ஊராட்சி, நகராட்சி மயானங்கள் பொது. ஆனால் நம் பக்கத்தில் மயானத்துக்குப் போகும் வழிக்கும் சாதி உண்டு. ஆகவே ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே பேசிவையுங்கள். பிணத்தை வைத்துக்கொண்டு பேசினால் எடுபடாது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்குச் சபைக் கடிதம் தேவையில்லை. ஞானஸ்நானச் சான்றிதழின் நகலை மட்டும் எப்படியாவது வாங்கிவிடுங்கள்.

ஓசூர்: நான் கிறிஸ்தவன், சபை கிடையாது. அவள் இந்து. திருமணம் எப்படி?

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். மதம் மாறச் சொல்லி யாரும் உங்களையோ அவரையோ கேட்க முடியாது.

காவேரிப்பட்டணம்: பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் கோயில் மாவிளக்கு மாவு கொடுத்தார். சாப்பிடலாமா?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் பவுல் பேசுவது இதைத்தான். மனச்சாட்சி உறுத்தினால் விடுங்கள், உறுத்தாவிட்டால் சாப்பிடுங்கள். எப்படியானாலும் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள்.

கிருஷ்ணகிரி: "சபை கூடிவருதலை விட்டுவிடாமல்" என்று எபிரெயர் 10:25 சொல்கிறதே! நீங்கள் ஆடுகளைக் கலைக்கிறீர்கள்.

வசனம் சரி. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது, மத்தேயு 6:6. கூடிவருவதை நான் குறை சொல்லவில்லை. ஜப்பானில் சபையின்மை இயக்கத்தைத் தொடங்கிய உச்சிமுரா கான்சோ (1861–1930) ஞாயிறுதோறும் வேதவகுப்பு நடத்தியவர். அவர் வேண்டாமென்றது அமைப்பைத்தான், ஆட்களை அல்ல.

அரூர்: நான் இந்து. எங்கள் வயலோரத்தில் வேடியப்பன் நடுகல் இருக்கிறது. பூ வைத்தேன், கும்பிட்டேன், வந்தேன். எனக்கு எந்தப் பதிவேடும் இல்லை. உங்களுக்கு ஏன் இத்தனை தொல்லை?

உங்களுக்கும் பதிவேடு உண்டு தம்பி. அதன் பெயர் தலைக்கட்டு வரி. திருவிழாவுக்கு வரி தராத வீட்டுக்கு என்ன மரியாதை என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி (மீண்டும்): சபைச் சந்தாவையும் ஊர் வரியையும் ஒன்றாக்குகிறீர்களா?

கணக்கு நோட்டைப் பொறுத்தவரை, ஆம். இரண்டிலும் பாக்கிக்காரர் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போடுவார்கள்.

அரூர் (மீண்டும்): எங்கள் ஊரில் நீல மை.

திருத்திக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி (மூன்றாம் முறை): அந்தக் காணிக்கையால்தான் ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள்.

உண்மை. நானும் அப்படிப் படித்தவன்தான். அந்த நன்றி இன்றும் இருக்கிறது. அந்த ஈர நோட்டுகளையும் மறக்க முடியவில்லை. உங்கள் சபையில் நீங்கள் நிலைத்திருங்கள் ஐயா, உங்களை அங்கிருந்து வெளியே இழுக்க நான் வரவில்லை. இந்த வாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பர்கூர்: வீட்டிலேயே ஜெபக்கூட்டம் தொடங்கிக் காணிக்கை எடுக்கலாமா?

ஜெபியுங்கள். உண்டியல் வைக்காதீர்கள். வைத்த மறுவாரமே நீங்களும் ஒரு சபை.

பென்னாகரம்: ஞானஸ்நானச் சான்றிதழ் அவசியமா?

மேலே படியுங்கள்.

ஊத்தங்கரை: சபையைவிட்டு வந்தபின் சான்றிதழ் கேட்டால் தருவார்களா?

அதனால்தான் எப்படியாவது வாங்கிவிடச் சொன்னேன். இதற்குமேல் சான்றிதழ்க் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

தேன்கனிக்கோட்டை: உங்கள் மனைவியும் சபையை விட்டுவிட்டாரா?

இல்லை. ஞாயிறு எட்டரைக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். எதிர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு டீ. கடைசிப் பாட்டு கேட்டதும் வண்டியைத் திருப்பி நிறுத்துவேன். "இன்று பிரசங்கம் எப்படி?" என்று கேட்பேன். பாதி நாள் "நீளம்" என்பாள். சந்தாவை அவள் பெயரில் நான்தான் கட்டுகிறேன், பாக்கி வைப்பதில்லை.