வாரச் செய்தியில் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

திருச்சி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமான பிறகு மெல்பர்னில் மகள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பேரனைப் பள்ளியில் விட்டு வந்தால் மூன்று மணி வரைக்கும் வீட்டில் நான் மட்டும்தான். மகள் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் யூத்ரீஏ என்ற அமைப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று பொருளாம். ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்கிற இடம்.

வாராவாரம் அவர்களுடைய செய்திமடல் மின்னஞ்சலில் வருகிறது. போன வாரம் வந்ததைச் சொல்கிறேன். வெயில் கடுமை என்பதால் வியாழக்கிழமை நடைக்குழு கிடையாது. யூகலேலி (சின்ன கிதார் மாதிரி ஒரு வாத்தியம்) வகுப்பு பெரிய அறைக்கு மாறுகிறது. இத்தாலிய மொழி தொடக்கநிலை நிரம்பிவிட்டது, வேண்டுமானால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்குப் பழைய பருத்திச் சட்டைகள் தேவை. நடப்பு விவகார வகுப்பை நடத்துகிறவர் ஜூன் மாதம் கேரவனில் குவீன்ஸ்லாந்து போகிறார், ஆறு வாரத்துக்கு மாற்று ஆள் வேண்டும். தேநீர் மேசைக்கு இரண்டு பேர் தேவை. மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். புதிய வகுப்பு எடுக்க விரும்புகிறவர்கள் எழுதலாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நுண்கணிதம் நடத்தியவளுக்கு இதில் மனசு ஒட்டவில்லை. இதுவா கல்வி? பொழுதுபோக்குக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துவிட்டார்களோ? மகளோ “நீயே ஒரு வகுப்பு எடேம்மா” என்கிறாள். என் இங்கிலீஷ் வகுப்பறை இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது இங்கே யாருக்கு வேண்டும்? உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)
மெல்பர்ன்

அன்புள்ள டீச்சர்,

டீச்சர் என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

பல்கலைக்கழகம் என்ற பெயரைச் சந்தேகப்படுகிறீர்கள். அதை வைத்தவர்கள் பல்கலைக்கழகத்திலேயே வாழ்ந்தவர்கள். 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் பியேர் வெல்லாஸ் என்ற சர்வதேசச் சட்டப் பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்துத் தொடங்கியது இது. அங்கே பேராசிரியர்கள் பாடம் நடத்துவார்கள், பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

1981-ல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் என்ற மூன்று பேர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட்டார்கள். லாஸ்லெட் வரலாற்று ஆசிரியர். இங்கிலாந்தின் குடும்பங்களையும் மக்கள்தொகையையும் நூற்றாண்டு நூற்றாண்டாக ஆராய்ந்தவர். வேலையையும் பிள்ளை வளர்ப்பையும் முடித்துவிட்டு, உடம்பிலும் புத்தியிலும் தெம்போடு இன்னும் பல வருஷம் வாழப்போகிற இவ்வளவு பெரிய கூட்டம் இதற்கு முன் எந்தச் சமுதாயத்திலும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சிறுவயது முதல் பருவம், உழைப்பும் பொறுப்பும் இரண்டாவது, பிறர் கையை நம்பி இருக்கும் கடைசிக் காலம் நான்காவது. இடையில் புதிதாகக் கிடைத்திருக்கிற மூன்றாம் பருவத்தை என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி. லாஸ்லெட்டும் யங்கும் 1915-ல் பிறந்தவர்கள். அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், தங்களுக்கும் தங்களைப் போன்றவர்களுக்குமாக இதைத் தொடங்கினார்கள்.

அவர்கள் வைத்த விதிகள் கொஞ்சம்தான். கற்றுக்கொடுப்பவரும் கற்க வேண்டும், கற்பவரும் கற்றுக்கொடுக்க வேண்டும். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, பாடம் நடத்துகிறவருக்குச் சம்பளம் கிடையாது. அரசாங்கம் பணம் தரும், பல்கலைக்கழகம் ஆள் அனுப்பும் என்று காத்திருக்கவும் இல்லை. 1984-ல் உங்கள் மெல்பர்னில் இந்த கேம்பிரிட்ஜ் வழியைப் பின்பற்றித்தான் ஆஸ்திரேலியாவின் முதல் யூத்ரீஏ தொடங்கியது. இன்று விக்டோரியா மாநிலத்தில் மட்டும் நூறுக்கு மேல் இருக்கின்றன.

இனி உங்கள் செய்திமடலுக்கு வருகிறேன். சம்பளம் இல்லை, பரீட்சை இல்லை, வராவிட்டால் பெயரை அடிக்கிற வருகைப் பதிவேடு இல்லை. பிறகு இத்தனை வகுப்புகளும் எதை நம்பி நடக்கின்றன? நூலகத்தில் அறை கேட்டு வாங்க ஒருவர், பெயர் பதிய ஒருவர், சாவி வைத்திருக்க ஒருவர், செய்திமடலைத் தட்டச்சு செய்ய ஒருவர் என்று உறுப்பினர்களே வேலையைப் பகிர்ந்துகொள்வதால்தான். ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர், குமாஸ்தா, வாட்ச்மேன், சுற்றறிக்கை எல்லாமாகச் சேர்ந்து செய்வதை இங்கே அந்த ஒரு பக்க மடல் செய்கிறது. அதில் உள்ள வரிகள் சின்னவை என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. அந்தச் சின்ன வரிகளில் ஒன்று நின்றுபோனாலும் அடுத்த வாரம் ஒரு வகுப்பு நின்றுபோகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேரவன்காரரையே எடுத்துக்கொள்வோம். மெல்பர்ன் குளிர் தாங்காமல் ஓய்வு பெற்றவர்கள் ஜூன், ஜூலையில் வடக்கே குவீன்ஸ்லாந்து வெயிலைத் தேடிப் போவது அங்கே வழக்கம். அவர் போகட்டும், அது அவருடைய மூன்றாம் பருவம். ஆனால் நான்கு மாதம் முன்னாலேயே சொல்லி மாற்று ஆள் தேடுகிறார் பாருங்கள். சம்பளம் வாங்கும் ஆசிரியர்களிடம்கூட நாம் எதிர்பார்க்கத் தயங்குகிற பொறுப்பு அது. அந்த ஆறு வாரத்தை ஏற்கப்போகிறவர் நேற்று வரை அந்த வகுப்பில் மாணவராக உட்கார்ந்திருந்தவராகத்தான் இருப்பார். லாஸ்லெட்டின் விதி அந்த ஒரு வரியில் நடந்துகொண்டிருக்கிறது.

ஒட்டுத்துணி தைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில், டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியல் அறிஞரின் குழு ஓர் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டது. அறுபது வயதிலிருந்து தொண்ணூறு வரை உள்ளவர்களைப் பிரித்து, சிலருக்கு டிஜிட்டல் போட்டோ எடுக்கவும் சிலருக்கு ஒட்டுத்துணி தைக்கவும் சிலருக்கு இரண்டையும் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் பதினைந்து மணி நேரம். இன்னொரு குழு அதே அளவு நேரம் கூடிப் பேசியது, விளையாடியது, சுற்றுலா போனது. கடைசியில் சோதித்துப் பார்த்தபோது, புதிதாகக் கற்றவர்களின் நினைவாற்றல் நன்றாக முன்னேறியிருந்தது. போட்டோ கற்றவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கூடிப் பேசியவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. பழகாத ஒன்றோடு மல்லுக்கட்டுவதில்தான் பலன் இருக்கிறது. அப்புறம், ஒருநாள் அந்தத் தையல் வகுப்புக்குப் போய் எட்டிப் பாருங்கள். துணியை முக்கோணமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டி, மிச்சம் விழாமல் ஒரு பரப்பை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அங்கே அந்நியமாக இருக்காது.

அந்த மடலில் என்னை நிறுத்தியது காலமானவரைப் பற்றிய வரி. அவர் எடுத்துக்கொண்டிருந்த வகுப்பு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வகுப்பும் எடுக்காமல், எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து கேட்டவராகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் சாவு வெளியிலிருந்து வருகிற செய்தி இல்லை. எல்லோரும் எழுபது, எண்பதுகளில் இருப்பவர்கள். போன வாரம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இந்த வாரம் இல்லை. அப்படியும், அதே மடலில், அடுத்த வரியிலேயே, புதிய வகுப்பு எடுக்க வருகிறீர்களா என்று கேட்கிறார்கள். அந்த இரண்டு வரிகளையும் ஒரே பக்கத்தில் வைக்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

ஓய்வு பெற்றவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சம்பளமோ பதவியோ போனதைவிட, கிழமை போனதுதான் அவர்களை அதிகம் குழப்புகிறது. இன்று செவ்வாயா புதனா என்று தெரிந்துகொள்ள ஒரு தேவையும் இல்லாமல் போய்விடுகிறது. முப்பது வருஷம் கால அட்டவணையோடு வாழ்ந்த உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். திங்கள் காலை யூகலேலி, வியாழன் நடை என்று ஒரு மடல் வரும்போது வாரம் திரும்பக் கிடைக்கிறது. 2020, 2021-ல் கொரோனாவுக்காக மெல்பர்னை ஆறு தடவை பூட்டினார்கள், மொத்தம் 262 நாள். அப்போது பல யூத்ரீஏ வகுப்புகள் ஜூமுக்கு மாறின. மைக்கை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று எண்பது வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொடுத்துப் படித்தார்கள்.

நம்மிடமும் சபைகள் உண்டு. காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் அப்படி எத்தனையோ. நல்ல பேச்சை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கூட்டங்களில் மேடை ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை. கீழே உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற நிலஅளவையாளருக்கும் செவிலியருக்கும் தபால்காரருக்கும் சொல்ல என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவர்களும் தங்களிடம் ஒன்றும் இல்லை என்றே நம்பிவிடுகிறார்கள். “எனக்குத் தெரிந்தது யாருக்கு வேண்டும்” என்ற உங்கள் வரியில் அந்தப் பழக்கம்தான் பேசுகிறது, டீச்சர். உங்கள் யூத்ரீஏவில் பேசி முடித்தவர் தானே நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு, அடுத்த அறையில் வேறொருவரிடம் மாணவராகப் போய் உட்காருவார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

என்ன வகுப்பு எடுப்பது? நுண்கணிதம் வேண்டாம். கோலம் எடுங்கள். கை வேலையாக மட்டும் இல்லாமல் கணக்காகவே எடுங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970களில் கோலத்தை வைத்துக் கணினியியலில் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். முதல் நாள் ஏழு வரிசைப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்: 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. ஏழு வரைக்கும் கூட்டினால் 16, மிச்சம் 9. நாலின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும். ஐந்து வரிசை வைத்தால் 13, அது 9-ம் 4-ம். ஏன் எப்போதும் அப்படி வருகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். அடுத்த வாரம் சிக்குக் கோலம். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றி இழை வளைத்தால் ஒரே இழையில் முடிந்துவிடும். நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு இழை வேண்டும். இரண்டுக்கு நான்கென்றால் இரண்டு இழை. நீள அகலப் புள்ளிகளின் மீ.பொ.வ., அதாவது இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண், எவ்வளவோ அத்தனை இழை. நீங்கள் ஆறாம் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய அதே மீ.பொ.வ.தான். அதிலிருந்து கையெடுக்காமல் வரைவது பற்றி 1736-ல் கணித மேதை ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களை ஒவ்வொன்றாக ஒரே ஒரு தடவை தாண்டி நடக்க முடியுமா என்ற கேள்வியை வைத்துச் சொன்னதற்குப் போகலாம். நான்கு வாரம் தாராளமாக ஓடும்.

இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டுகிறவருக்கு வகுப்பறை இங்கிலீஷே போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் கிரீஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்து அந்த மொழியைப் பிற்பாடு கற்றவர்களாக இருக்கக்கூடும். மெல்பர்ன் அப்படிப்பட்ட ஊர். விண்ணப்பத்தில் நாலே வரி எழுதுங்கள்: என்ன, எத்தனை வாரம், எத்தனை பேர், முன்னறிவு எதுவும் தேவையில்லை. முதல் தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவர் கையையும் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும். அரிசி மாவு வேண்டாம், நூலகத்தில் தரையைப் பெருக்க யாரும் இருக்க மாட்டார்கள். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். பேரனை அழைத்துவரப் போக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி, காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே பலருக்கும் பேரன் பேத்தி உண்டு, புரிந்துகொள்வார்கள்.

அதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். கற்றுக்கொடுப்பது மட்டும் போதாது. உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு வகுப்பில் கடைசி வரிசை மாணவியாகப் போய் உட்காருங்கள். இத்தாலியன் நிரம்பிவிட்டது என்றுதான் போட்டிருக்கிறார்கள், மூடிவிட்டோம் என்று போடவில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எப்படியும் ஒருவர் இருவர் நிற்பார்கள். இந்த வாரமே காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.